தண்ணீர் எச்சில் ஆகாது: கண்ணையும் வாயையும் வறளவைக்கும் ஷோக்ரன் நோய்

பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்பது நம் வீடுகளில் பழக்கம். அந்தப் பழக்கமே ஒரு நோயின் முதல் அடையாளத்தை மறைத்துவிடுகிறது. நனைக்காத கிரீம் கிராக்கர் ஒன்றைத் தண்ணீர் துணையில்லாமல் மென்று விழுங்க முடியவில்லை என்றால் எச்சில் போதவில்லை என்று பொருள். ஆனால் நனைக்காமல் தின்பவர் வீட்டில் யாருமில்லை, அதனால் கவனிப்பவரும் இல்லை. சோற்றில் ரசம் கொஞ்சம் கூடுதலாக விழும். ரொட்டி சானாயில் குழம்பு மிதக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் போத்தல் வந்து சேரும். வயதாகிவிட்டது, உடம்புச் சூடு, தண்ணீர் குடிப்பது போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

கண் எரிச்சலுக்கு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து. சொத்தைக்குப் பல் கிளினிக். மூட்டுவலிக்கு கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்தில், வலி மாத்திரை. களைப்புக்கு இரும்புச்சத்து. நான்கு இடத்திலும் அவரவர் தம் பங்கைச் சரியாகவே செய்திருப்பார்கள். நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஆளில்லாததால்தான் இந்த நோய் வருடக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. அந்தத் தாளை எழுதும் வாய்ப்பு பெரும்பாலும் நோயாளிக்குத்தான் உண்டு.

அப்படிச் சேர்த்துப் பார்த்தவர் ஹென்ரிக் ஷோக்ரன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். கண்ணும் வாயும் வறண்டிருந்த 19 பெண்களை ஆராய்ந்து 1933-இல் ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு அழற்சியும் இருந்தது. கண்ணிலும் வாயிலும் மூட்டிலும் தெரிவது ஒரே நோய் என்று அவர் காட்டினார். நீண்ட காலம் ‘சின்ட்ரோம்’, அதாவது நோய்க்குறித் தொகுப்பு, என்று அழைக்கப்பட்டதை இப்போது ‘ஷோக்ரன் நோய்’ என்றே சொல்ல வேண்டும் என மருத்துவ வட்டாரங்கள் வலியுறுத்துகின்றன. அது சரியான மாற்றம். ‘வெறும் வறட்சிதானே’ என்ற அலட்சியத்துக்குப் பழைய பெயரும் ஒரு காரணம்.

சுரப்பிக்குள் நடப்பது

கிருமியைத் தாக்க வேண்டிய நிணநீர் அணுக்கள் இந்த நோயில் கண்ணீர்ச் சுரப்பிக்குள்ளும் எச்சில் சுரப்பிக்குள்ளும் கூட்டங்கூட்டமாகக் குடியேறுகின்றன. அதனால் இரண்டு கேடுகள். சுரக்கும் அணுக்களில் ஒரு பகுதி அழிகிறது. அழியாமல் எஞ்சியவையும் நரம்பு இடும் கட்டளையைச் சரியாக ஏற்பதில்லை. இந்த இரண்டாவது கேட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேசப்போகும் மாத்திரை வேலை செய்வது அங்கேதான். இதற்கிடையே பி அணுக்கள் எனும் வகை ஓயாமல் தூண்டப்பட்டு, உடலையே தாக்கும் எதிரணுக்களை, அதாவது ‘ஆன்டிபாடி’ எனும் புரதங்களை, உற்பத்தி செய்தபடியே இருக்கும். இந்த ஓயாத தூண்டல்தான் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நிணநீர்ப் புற்றுநோயாக மாறுகிறது.

பரம்பரைக் கூறும் ஏதோவொரு வைரஸ் தொற்று போன்ற தூண்டுதலும் சேர்ந்து நோய் தொடங்குவதாகக் கருதப்படுகிறது. சாப்பாட்டிலோ நடத்தையிலோ செய்த தவறால் வருவதில்லை. நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள். மாதவிடாய் நிற்கும் வயதும் அதுவே என்பதால், அந்த மாற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

‘நிறையத் தண்ணீர் குடி’ என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை? ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். வேலை செய்வதோ எஞ்சிய சிறு பகுதி. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட், பல்லின் எனாமலைத் திரும்பக் கட்டும் கால்சியமும் பாஸ்பேட்டும், கிருமியைக் கொல்லும் புரதங்கள், வாய்த் தோலைப் போர்த்தி வழுவழுப்பாக வைத்திருக்கும் மியூசின் எல்லாம் அதில் அடங்கும். தண்ணீரில் இவை எதுவும் கிடையாது. போத்தல் போத்தலாகக் குடித்தால் நாக்கில் மிச்சமிருக்கும் மியூசினும் கழுவிக்கொண்டு போகும். இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்தால் தூக்கமும் கெடும். கண்ணீரும் வெறும் தண்ணீர் அல்ல. மேலே எண்ணெய்ப் படலம், அதற்கடியில் நீரும் மியூசினும். எண்ணெய்ப் படலம் குலைந்தால், இருக்கிற கொஞ்ச நீரும் நொடியில் ஆவியாகிவிடும்.

முதலில் விலக்க வேண்டியவை

வாய் வறளும் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. நம்மவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தில் சர்க்கரை அளவு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்புநீர் வாயைக் காயவைக்கும். அடுத்தது மருந்துகள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மஞ்சள் நிறக் குளோர்பெனிரமின் மாத்திரை, தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கான ஆக்ஸிபியூட்டினின், சிறுநீர் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் வறட்சி தரும். இவற்றை விழுங்கிக்கொண்டே வறட்சிக்கு மருந்து தேடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போன்றது. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று கேளுங்கள். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்கள், ஹெபடைடிஸ் சி தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதே அறிகுறிகள் வரும்.

இவை விலகிய பிறகு ஐந்து கேள்விகள். மூன்று மாதத்துக்கு மேலாகத் தினமும் கண் வறட்சி தொல்லை தருகிறதா? கண்ணில் மணல் விழுந்ததுபோல அடிக்கடி உறுத்துகிறதா? நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்படுகிறதா? மூன்று மாதத்துக்கு மேலாகத் தினமும் வாய் வறள்கிறதா? உலர்ந்த உணவை விழுங்க அடிக்கடி தண்ணீர் வேண்டியிருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மேற்கொண்டு பார்க்கத்தான் வேண்டும்.

கிளினிக் கெசிஹாத்தானில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், அரசாங்க மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். பரிந்துரைக் கடிதத்தை, அதாவது ‘சூராட் ருஜுக்கான்’ என்பதை, கேட்டு வாங்குங்கள். போக வேண்டிய இடம் வாதநோய்ப் பிரிவு, அங்கே ‘ருமாத்தோலோஜி’ என்பார்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் செலாயாங், புத்ராஜெயா மருத்துவமனைகள், மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகியவற்றிலும், பினாங்கில் ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. மூத்த பெண்கள் பலர் மலாயில் ‘மாத்தா கெரிங்’ என்று கண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ‘மூலுட் கெரிங்’ என்று வாயையும், ‘சாக்கிட் செண்டி’ என்று மூட்டுவலியையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் எதிரில் இருப்பவருக்குப் பொறி தட்டும்.

சோதனைகள் என்ன சொல்கின்றன

2016-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் இணைந்து வகுத்த முறையில் ஐந்து சோதனைகளுக்குப் புள்ளிகள் உண்டு. ரோ எனும் எதிரணு இரத்தத்தில் இருந்தால் 3. உதட்டுத் திசுச் சோதனையில் நோய் தெரிந்தால் 3. மற்ற மூன்றுக்கும் தலா 1. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரன். எதிரணு, திசு ஆகிய இரண்டில் ஒன்றாவது இல்லாமல் 4-ஐ எட்ட முடியாது. ஆகவே கண் சோதனையை மட்டும் வைத்து ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ முடிவுகட்ட வழியில்லை.

ஒரு புள்ளிச் சோதனைகள் எளியவை. ஷிர்மர் சோதனையில் வடிதாள் கீற்று ஒன்றைக் கீழ் இமையின் வெளிப்பக்கத்தில் மாட்டி 5 நிமிடம் விடுவார்கள். 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக நனைந்தால் புள்ளி. அடுத்தது கண்ணில் சாயம் இட்டு, கருவிழியிலும் வெண்படலத்திலும் உள்ள சிராய்ப்புகளை எண்ணுவது. மூன்றாவது எச்சில் அளவு. 15 நிமிடம் எதையும் மெல்லாமல், வாயில் ஊறுவதை ஒரு குவளையில் துப்ப வேண்டும். மொத்தம் 1.5 மி.லி. அல்லது அதற்கும் குறைவு என்றால் சுரப்பு குன்றியிருக்கிறது. சோதனைக்கு முன் சாப்பிட்டிருந்தாலோ மிட்டாய் சப்பியிருந்தாலோ அளவு தவறாக வரும்.

இரத்தச் சோதனையில் மூன்று இடறல்கள் உண்டு. அணுக்கருவைத் தாக்கும் எதிரணுக்களைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனை இயல்பாக வந்தால் ஷோக்ரன் இல்லை என்று கோப்பை மூடிவிடுவது முதலாவது. ரோ எதிரணு உள்ள சிலருக்கு ஏ.என்.ஏ. இயல்பாகவே வரும், ரோவைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது இடறல் வாதக் காரணி எனப்படும் ஆர்.எஃப். ஷோக்ரன் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு இது இருக்கும். மூட்டுவலியும் சேர்ந்தால் முடக்குவாதம் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, அழற்சியை அளக்கும் இரண்டு சோதனைகளில் ஈ.எஸ்.ஆர். உயர்ந்து சி.ஆர்.பி. இயல்பாக இருப்பது. ஆய்வுக்கூடத் தவறு என்று நினைக்க வேண்டாம், இரத்தத்தில் எதிரணுப் புரதம் மிகுந்திருப்பதால் இந்த நோயில் அப்படித்தான் வரும்.

நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரோ எதிரணு இருக்காது. உதட்டுச் சோதனை தேவைப்படுவது அவர்களுக்கே. பெயர் பயமுறுத்தினாலும் வேலை சிறியது. கீழ் உதட்டின் உட்புறத்தை மரக்கவைத்து, ஒரு செ.மீ.க்கு மேற்படாத கீறல் வழியே கடுகளவுச் சுரப்பிகள் நாலைந்தை எடுத்துத் தையல் போடுவார்கள். சிலருக்கு அந்த இடத்தில் மரத்த உணர்வு சில வாரங்கள் இருக்கும், அரிதாக நீடிக்கும். இங்கே கவனிக்க வேண்டியது அறிக்கையின் சொற்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர் அணுக்கள் திரண்ட ஒரு குவியம், 4 சதுர மி.மீ. பரப்பில் ஒன்றாவது இருக்க வேண்டும். ‘நாட்பட்ட அழற்சி’ என்று மட்டும் எழுதி எண்ணிக்கை இல்லாத அறிக்கையால் பயனில்லை. அதே திசுவைத் திரும்ப எண்ணித் தரும்படி கேட்கலாம், மறுபடி உதட்டைக் கீற வேண்டியதில்லை.

கண்

ஈரப்பதம் மிகுந்த ஊரில் கண் எப்படி வறளும் என்று கேட்பார்கள். நாள் முழுவதும் ஏர்கோன் அறை, எல்.ஆர்.டி., மறுபடி ஏர்கோன், இரவில் முகத்துக்கு நேராகச் சுழலும் காற்றாடி என்று வாழ்பவருக்கு வெளியில் பெய்யும் மழையால் என்ன பயன்? காரில் காற்றுத் துளையைக் காலுக்குத் திருப்புங்கள். காற்றாடியைச் சுவரைப் பார்க்க வையுங்கள். கணினித் திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் இமை பாதி மூடி, ஆவியாகும் பரப்பு குறையும். புகைமூட்ட மாதங்களில் பக்கங்களை மூடும் கண்ணாடி உதவும்.

சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணமும் கண்ணும் வீணாகின்றன. நாளைக்கு நாலு தடவைக்கு மேல் சொட்டு விடுபவர், மருந்து கெடாமல் காக்கும் ‘பதப்படுத்தி’ எனும் பொருள் சேர்க்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குப்பிகளைத்தான் வாங்க வேண்டும். பென்சல்கோனியம் குளோரைடு எனும் பதப்படுத்தி, கண்ணீர் குறைந்த கண்ணில் அடித்துச் செல்லப்படாமல் தேங்கிக் கருவிழியின் மேல்தோலையே அரிக்கும். மருந்து விடவிட எரிச்சல் கூடுகிறது என்பவர்கள் போத்தலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கண் சிவப்பை ‘வெளுக்க’ விற்கும் சொட்டுகள் இரத்தக் குழாயைச் சுருக்கி நிறத்தை மட்டுமே மாற்றும். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும்.

பகலில் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 விழுக்காடோ சோடியம் ஹயலுரோனேட்டோ போதும். கெட்டியான ஜெல்லும் களிம்பும் பார்வையை மங்கவைப்பதால் படுக்கும்போது மட்டும். எரிச்சல் வந்த பிறகு விடுவதைவிட நேரம் வைத்து விடுவது மேல், எரிச்சல் வரும்போது சிராய்ப்பு ஏற்கெனவே உண்டாகியிருக்கும். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவுக்கு மிகுதி, இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும். விட்ட பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோர முனையை விரலால் மெல்ல அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி விட்டு, களிம்பைக் கடைசியில் இடுங்கள்.

இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகளுக்குச் சூட்டு ஒத்தடம். மணிக்கட்டின் உட்புறம் தாங்கும் சூட்டில் துணியை நனைத்துப் பிழிந்து 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். சிறிய துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப நனைக்காவிட்டால் வேலைக்காகாது. பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் வருடுங்கள். இமையின் உள்விளிம்பில் இழுக்கும் கண்மை இந்தச் சுரப்பிகளின் வாயில் நேராகப் போய் அடைக்கிறது. மை இல்லாமல் முடியாது என்பவர்கள் இமைமயிருக்கு வெளியே மட்டும் இழுக்கலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் கண் மருத்துவர் கண்ணீர் வடியும் துளையை அடைப்பான் போட்டு மூடுவார், சுரக்கும் கொஞ்சமும் கண்ணிலேயே தங்கும். அழற்சி இருக்கும்போது அடைத்தால் அழற்சிப் பொருட்களும் சேர்ந்து தேங்கும் என்பதால் முதலில் அழற்சியைத் தணிப்பார்கள். சைக்ளோஸ்போரின் 0.05 விழுக்காட்டுச் சொட்டு அழற்சிக்கானது. முதல் சில வாரம் நன்றாகவே எரியும், பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் இரண்டாவது வாரத்திலேயே தூக்கிப் போட்டவர்கள் பலர். ஸ்டீராய்டு சொட்டைச் சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் விடலாம். மிச்சம் வைத்து மறுபடி விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும்.

நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால், குழாய்த் தண்ணீர் இவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆரோக்கியமான கண் தப்பிக்கலாம். கிருமியைக் கழுவிக்கொண்டு போகக் கண்ணீர் இல்லாத, சிராய்ப்பு விழுந்த கண்ணுக்கு அது கருவிழிப் புண்ணாக முடியக்கூடும். வெளிச்சம் பார்க்க முடியாத வலி, திடீரென்று மங்கும் பார்வை, கருவிழியில் வெண்புள்ளி எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனை.

வாய்

இந்த நோயில் மிக விரைவாக, திரும்பப் பெற முடியாதபடி போவது பல். எனாமல் கரையத் தொடங்கும் அமில எல்லை ஏறத்தாழ பி.எச். 5.5. சாப்பிட்டதும் வாய் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும். எச்சில் இருந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் மேலே ஏறிவிடும், இல்லையென்றால் அங்கேயே கிடக்கும். அதனால்தான் சொத்தை வழக்கமாக வராத இடங்களில், ஈறையொட்டிய கழுத்துப் பகுதியிலும் முன்பற்களின் வெட்டும் விளிம்பிலும், வருகிறது. சுத்தமாகத் துலக்குபவருக்கு ஒரே வருடத்தில் கழுத்துப் பகுதியில் மூன்று நாலு சொத்தை என்றால் பல் மருத்துவரே ஷோக்ரனைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே ஒரு கேடு நம் குவளையிலேயே இருக்கிறது. வாய் காய்கிறதென்று காலையில் வாங்கிய தே தாரிக்கை மதியம்வரை மேசையில் வைத்து வாய் வாயாக நனைத்துக்கொள்கிறார்கள். சுண்டிய பாலின் சர்க்கரை ஒவ்வொரு வாய்க்கும் அமிலக் கடிகாரத்தைத் திரும்ப ஓட்டும். எச்சில் ஊற ஆசாம் போய் எனும் புளிப்பு உலர்பழத்தைச் சப்புவதும், எலுமிச்சைச் சாறும், ஐசோடோனிக் பானமும் அப்படியே. புளிப்பு எச்சிலை வரவழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வந்த எச்சிலால் தணிக்க முடியாத அளவு அமிலத்தை அது விட்டுச் செல்கிறது. தே தாரிக் வேண்டுமென்றால் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிடுங்கள். இடையில் நனைக்க வெறும் தண்ணீர், ஒரு தேக்கரண்டி அளவு, வாயில் சுழற்றி விழுங்குங்கள். எச்சிலைத் தூண்ட ஸைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாத சூயிங்கம் நல்லது.

வெற்றிலை பாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாய் வறண்ட மூத்தவர்கள் பாக்கு போட்டால் எச்சில் ஊறுகிறது என்கிறார்கள், அதில் பொய்யில்லை. பாக்கிலுள்ள அரிக்கோலின், எச்சில் சுரப்பியைத் தூண்டும் மருந்து தொடும் அதே பூட்டைத்தான் திறக்கிறது. ஆனால் புகையிலை சேர்க்காத பாக்கும் வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மிகுதி. அதே பூட்டுக்கு அந்த ஆபத்து இல்லாத சாவி மருந்தாகவே கிடைக்கும்போது பாக்கைத் தேட வேண்டியதில்லை.

அந்த மருந்து பைலோகார்பின். ஒரு மாத்திரை 5 மி.கி., முழு அளவு நாளைக்கு நாலு. முதல் நாளே நாலு மாத்திரை விழுங்கினால் வியர்வை கொட்டும், முகம் சிவக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். நம் வெயிலில் அந்த வியர்வைக்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாத்திரையில் தொடங்கி வாரம் ஒன்றாகக் கூட்டினால் பெரும்பாலோர் தாங்குவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன் எடுத்தால் சாப்பிடும் நேரத்தில் எச்சில் வரும். பலன் உண்டா இல்லையா என்று சொல்ல இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கட்டுப்படாத ஆஸ்துமாவும் குறுகிய கோணக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது. சுரப்பி முற்றாக அழிந்தவருக்கும் பயன்படாது. சீக்கிரம் நோயைக் கண்டுபிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பற்பசையில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 1000 முதல் 1450 பி.பி.எம். இந்த நோயாளிக்குப் பல் மருத்துவர் எழுதித் தரும் 5000 பி.பி.எம். பசை வேண்டும். துலக்கியபின் துப்புங்கள், கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் மருந்து கழுநீர்த் தொட்டிக்குப் போய்விடும். வீட்டில் ஆர்.ஓ. வடிகட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: குழாய் நீரில் சேர்க்கப்படும் ஃபுளோரைடில் பெரும்பகுதியை அது நீக்கிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது, ஒரு பல்லின் வேர்ச் சிகிச்சையைவிட மலிவு. சோடியம் லாரில் சல்ஃபேட் எனும் நுரை கலந்த பசையும் மதுசாரம் கலந்த வாய் கொப்பளிப்பும் வறண்ட வாயை எரிக்கும்.

சம்பல் முன்பு எரியாத அளவுக்கு இப்போது எரிகிறது, நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறது, வாயோரம் வெடிக்கிறது என்றால் பூஞ்சைத் தொற்றை நினையுங்கள். வெள்ளைப் படலமாக வரும் என்று எதிர்பார்ப்பார்கள், வறண்ட வாயில் அது பெரும்பாலும் சிவப்பாகத்தான் வரும். மருந்து நிஸ்டாட்டின். அந்தத் திரவங்கள் பலவற்றில் சர்க்கரை இருப்பதால், மருந்து வாயை விட்டுப் போனபின் தண்ணீரில் அலசுங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றி மருந்தில் ஊறவைக்காவிட்டால் அதிலிருந்தே பூஞ்சை திரும்பி வரும்.

வறட்சிக்கு அப்பால்

நோயாளிகள் மிகுதியாக வருந்துவது களைப்பைப் பற்றித்தான். சோம்பல் என்று வீட்டில் பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். இரத்தசோகை, தைராய்டு குறைவு, மரக்கறி உண்பவர்களுக்கு பி12 குறைவு, தூக்கக் கேடு ஆகிய திருத்தக்கூடியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவை போக எஞ்சும் களைப்புக்கு மாத்திரை கிடையாது. நடையை வாரம் வாரம் சில நிமிடமாகக் கூட்டிச் செல்வதே ஓரளவு பலன் தருவதாகத் தெரிகிறது.

கூச்சத்தால் மருத்துவரிடம் சொல்லப்படாமலே போவது பிறப்புறுப்பு வறட்சி. நீர் அடிப்படையிலான வழுக்கும் ஜெல்லும், மாதவிடாய் நின்றவர்களுக்கு அங்கேயே இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் நன்றாக உதவும். பெண் மருத்துவரிடம் கேட்கலாம்.

நுரையீரல் பாதிப்பு விடாத வறட்டு இருமலாகவும், நரம்பு பாதிப்பு பாதத்தில் எரிச்சலாகவும் மரத்துப்போவதாகவும் தெரியும். எரியும் பாதத்தை இனிப்புநீர் என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவது இங்கே சகஜம். சிறுநீரகக் குழாய்கள் அமிலத்தை வெளியேற்றத் தவறினால் பொட்டாசியம் குறைந்து, ஒருநாள் காலையில் கை கால் எழாமல் போகலாம். அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கான விஷயம்.

நிணநீர்ப் புற்றுநோய் வாழ்நாளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரும், பெரும்பாலும் காதுக்கு முன்னுள்ள எச்சில் சுரப்பியில். மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, காதுமடலின் முன்பக்கத்திலிருந்து தாடை வளைவு வரை இரு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். சாப்பிடும்போது வீங்கிச் சில நாளில் வடிவது அடைப்பு. காய்ச்சலும் வலியும் சீழும் சேர்ந்தால் தொற்று. வலியில்லாமல், கெட்டியாக, ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து இரண்டு மாதமாகியும் வற்றாத வீக்கத்துக்கு ஸ்கேனும் திசுச் சோதனையும் வேண்டும். காலில் தடித்த ஊதாப் புள்ளிகள், இரத்தத்தில் சி4 எனும் எதிர்ப்புச் சக்திப் புரதம் குறைவு, காரணம் தெரியாத எடைக் குறைவு ஆகியவை இருப்பவர்களை மருத்துவர் இன்னும் நெருக்கமாகக் கவனிப்பார்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை மூட்டுவலிக்கும் தோல் பாதிப்புக்கும் எழுதுகிறார்கள். வறட்சிக்கு அதை நம்ப வேண்டாம். 2014-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 24 வாரம் கழித்து வறட்சி, வலி, களைப்பு மூன்றிலும் ஒப்பிடக் கொடுத்த மருந்தில்லாத மாத்திரையைவிட அது மேலாக இல்லை. எடுப்பவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. முதல் வருடத்தில் ஒருமுறையும், ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை நுரையீரல், நரம்பு, இரத்தக் குழாய் பாதிப்புகளுக்கே. வறண்ட வாய்க்குக் கொடுத்தால் சர்க்கரையும் பூஞ்சையும்தான் கூடும்.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மூட்டுவலிக்கு விற்கும் வேர்ப்பொடி மாத்திரைகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்பவையும் வேண்டாம், இங்கே அந்தச் சக்தி தன் வீட்டையே தாக்கிக்கொண்டிருக்கிறது.

ரோ எதிரணுவும் கர்ப்பமும்

ரோ எதிரணு நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேரும். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைக் கெடுத்துத் துடிப்பைத் தாழ்த்திவிடும். முன்பு ஒரு குழந்தைக்கு அப்படி ஆனவருக்கு அடுத்த கர்ப்பத்தில் ஆபத்து ஏறக்குறைய பத்து மடங்கு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான். அத்தகையவர்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கொடுத்தால் மறுபடி நேரும் வாய்ப்பைக் குறைப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. கேடு பெரும்பாலும் 18 முதல் 26 வாரங்களுக்குள் நேர்வதால், கருவின் இதய ஸ்கேன் 16-ஆவது வாரத்தையொட்டித் தொடங்க வேண்டும்.

சில தாய்மார்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. குழந்தையின் துடிப்பு குறைந்த பிறகே அவர்களுக்கு ரோ இருப்பது தெரியவரும். ஆகவே குடும்பத்தில் ஒருவருக்கு ஷோக்ரனோ, அதேபோல் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூப்பஸோ இருந்து, கர்ப்பமான மகளுக்கோ தங்கைக்கோ கண், வாய் வறட்சியோ மூட்டுவலியோ இருக்குமானால், 12-ஆவது வாரத்துக்குள் கிளினிக் கெசிஹாத்தானில் பதியும் முதல் வருகையிலேயே அதைச் சொல்லி, ரோ சோதனை வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே ரோ இருப்பது தெரிந்தவர்கள், அந்த இரத்த அறிக்கையின் நகலைக் கர்ப்பகாலப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.